ஆமைத் தொட்டியின் ஸ்பாஞ்சை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வாசகர் கேள்வி பதில் பகுதியில், வீட்டில் ஆமை வளர்க்கும் ஒருவரின் கேள்வியைப் படித்தேன். வாரம் தவறாமல் தொட்டியைக் கழுவியும் மூன்றாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதற்கு நீங்கள் வெளியிட்ட பதில் இது: தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள், தொட்டி, கல், ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவுங்கள், புதுத் தண்ணீரில் கொஞ்சம் படிகாரம் போடுங்கள், பளிங்கு மாதிரி தெளிந்துவிடும்.

படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே பதிலை ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கும் ஒருவர் சொன்னார். நான் அப்படியே செய்தேன். என் ஆமை கண் திறக்க முடியாமல் கிடந்தது.

நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். என் மெஷினுக்கு இடது பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஆமைத் தொட்டி இருக்கிறது. என் மகள் பள்ளியில் படிக்கும்போது கொண்டுவந்த சிவப்புக் காது ஆமை. காதோரம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்து அவள்தான் குங்குமம் என்று பெயர் வைத்தாள். வந்தபோது ஓடு 3 செ.மீ. இருக்கும். இப்போது டேப்பை நேராகப் பிடித்து அளந்தால் 23 செ.மீ. மகள் வேலைக்கென்று வெளியூர் போய் நான்கு வருடமாகிறது. குங்குமம் என்னோடு இருக்கிறது. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் இந்த வகை ஆமை முப்பது வருடம்கூட இருக்கும் என்பதால், தண்ணீர் விஷயத்தை ஏனோதானோ என்று விட எனக்கு முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டி. சின்ன ஃபில்டர் ஒன்று, உள்ளே கருப்பு ஸ்பாஞ்ச். ஞாயிற்றுக்கிழமை காலை ஆமையை ஒரு வாளியில் விட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக் கொட்டுவேன். கூழாங்கல்லை அரிசி களைவது மாதிரி களைவேன். ஸ்பாஞ்சை சோப்புத் தூள் போட்டுப் பிழிந்து பிழிந்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுவேன். ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. புதன்கிழமை காலையில் வெள்ளையாக ஒரு மூட்டம். வியாழன் நாற்றம். ஞாயிறு மறுபடியும் கழுவல். ஆறேழு மாதம் இப்படியே ஓடியது. கழுவுவது போதவில்லை என்று நினைத்து வாரம் இரண்டு முறை ஆக்கினேன்.

ஒரு நாள், தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்த நாளில்தான், குங்குமம் சாப்பிடவில்லை. தீனி போட்டால் கண்ணாடிக்கு ஓடி வரும் ஆமை, உடம்பு காய்வதற்காகத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும் மேடையில் கழுத்தை நீட்டிப் படுத்தே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு இமையும் உப்பி மூடிக்கொண்டிருந்தன. ஆமைக்குக் கண் தெரியாவிட்டால் தீனியைத் தேடாது, பட்டினி கிடக்கும். கால்நடை மருத்துவரிடம் போனில் சொன்னபோது, ஆமையோடு தொட்டித் தண்ணீரையும் ஒரு புட்டியில் எடுத்து வரச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் மாற்றிய தண்ணீர், குடித்துவிடலாம் போலத் தெளிவு.

அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீரை ஊற்றி, இரண்டு புட்டிகளிலிருந்து எட்டெட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தார். கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சு இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்க வேண்டிய தண்ணீர், என் கண் முன்னாலேயே இலைப் பச்சைக்கு மாறி, அப்புறம் கரும்பச்சை ஆனது. "மீனா இருந்தா என்னிக்கோ செத்து மிதந்து உங்களுக்குச் சொல்லியிருக்கும்மா. ஆமை நுரையீரலால மூச்சு விடறது. அதனால பொறுத்துக்கிட்டுக் கிடக்கும்" என்றார். கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ குறைவும் ஒரு காரணம் என்று சொல்லி மருந்தும் தீனி மாற்றமும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்த ஸ்பாஞ்சைக் கழுவாதீங்க. கழுவிக் கழுவி அதுல இருந்த உசிரையெல்லாம் கொன்னுட்டீங்க."

உங்கள் பதிலில் விட்டுப்போன விஷயம் இதுதான். தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. ஆமையின் கழிவு, சிறுநீர், தின்னாமல் விட்ட தீனி எல்லாம் அழுகி அமோனியாவாகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா தின்று நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அதை இன்னொரு வகை பாக்டீரியா தின்று நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். மண்ணில் எருவைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும் அதே வேலைதான் இது. அந்தப் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம் ஒரு ஆமைத் தொட்டி வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டு இருப்பதில்லை. பெரும்பாலும் எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். கண்ணாடி, கல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சைத் தொட்டால் விரலில் வழுவழுப்பாக ஒரு பூச்சு தெரியும் இல்லையா, அழுக்கு என்று நாம் நினைக்கும் அந்தப் பூச்சுதான் தொட்டியின் உயிர். சோப்பும் வெந்நீரும் அதை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரே போதும்.

சரி, கழுவிய மூன்றாம் நாள் பால் மாதிரி வருவது ஏன்? அது வேறு கூட்டம். மிச்சத் தீனியிலும் கழிவிலும் இருக்கும் சத்தைத் தின்று, தண்ணீரில் மிதந்தபடியே பெருகும் பாக்டீரியா. அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகிவிடும். அமோனியாவைத் தின்பவை இரண்டு மடங்காகக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு இரண்டுக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தால் எது முந்தும் என்று நீங்களே பாருங்கள். கேள்வி கேட்ட வாசகருக்கு மூன்றாம் நாள் வரும் அந்த வெள்ளை மூட்டத்தை வரவழைப்பதே அந்தக் கழுவல்தான். அதற்கு மருந்தாக இன்னும் நன்றாகக் கழுவச் சொல்லியிருக்கிறீர்கள்.

படிகாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிகாரம் தண்ணீரில் மிதக்கும் தூசியைத் திரட்டிக் கீழே உட்கார வைக்கும், உண்மை. அமோனியாவை அது ஒன்றும் செய்யாது. தண்ணீரைப் புளிப்புப் பக்கம் இழுக்கும். அடியில் திரண்ட கசடு தொட்டியிலேயே கிடக்கும், அதன் மேல்தான் ஆமை நடக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தண்ணீர் நன்றாக இருக்கும். குங்குமத்தின் கண் மூடிக்கொண்ட அன்றைக்கு நான் பார்த்ததும் அந்த மாதிரி நல்ல தண்ணீரைத்தான்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், மூன்றுக்கும் சேர்த்து. என்னிடம் ரவிக்கை அளவுகள் எழுதி வைக்கும் நோட்டு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். இன்றும் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. முதல் வாரம் அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். இரண்டாம் வாரமும் 2, நைட்ரைட் எட்டிப் பார்க்கிறது. மூன்றாம் வாரம் அமோனியா 1, நைட்ரைட் 2. நான்காம் வாரம் அமோனியா கால், நைட்ரைட் 5, பயந்துவிட்டேன். ஐந்தாம் வாரம் முடியும்போது நைட்ரைட் விழ ஆரம்பித்தது. ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டுமே பூஜ்யம், நைட்ரேட் 20. அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொன்னது அப்படியே நடந்தது. அந்த ஆறு வாரமும் ஸ்பாஞ்சைத் தொடவில்லை. ஆமையை நஞ்சில் விடக் கூடாது என்பதற்காக இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினேன்.

சோதனை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நைட்ரேட்டுக்கான இரண்டாவது புட்டியை அரை நிமிடமாவது நன்றாகக் குலுக்கிவிட்டுச் சொட்டு விடுங்கள். அதில் இருப்பது அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும். நான் இரண்டு மாதம் அப்படி ஏமாந்தேன்.

ஸ்பாஞ்ச் நிஜமாகவே அடைத்துக்கொண்டு தண்ணீர் வரத்துக் குறையும்போது அலசத்தான் வேண்டும். மாற்றுவதற்காகத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கிப் பிழிவேன். பழுப்பாக ஒரு குழம்பு வெளியே வரும். அத்தோடு நிறுத்திவிடுவேன், வெள்ளை வெளேர் என்று ஆக வேண்டியதில்லை. இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் அலசுவதில்லை. பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வாழ ஃபில்டருக்குள் போடும் செராமிக் வளையங்களை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, பாதிப் பாதியாக.

நுண்ணிய தூசிக்கு என் தொழிலிலேயே பொருள் இருந்தது. தலையணைக்கு அடைக்கும் வெள்ளை பாலியஸ்டர் பஞ்சு. சாயமோ தீப்பிடிக்காத பூச்சோ இல்லாத வெறும் பஞ்சு. அதை ஒரு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சுக்குப் பின்னால் வைப்பேன், தண்ணீர் முதலில் பெரிய துளை ஸ்பாஞ்சைக் கடந்து, அப்புறம் பஞ்சைக் கடந்து, கடைசியில் வளையங்களுக்குப் போகிற மாதிரி. மூன்று நாளில் அது வண்டல் படிந்த துணி மாதிரி ஆகிவிடும். எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைப்பேன். இது மட்டும் கழுவாமல் தூக்கிப் போடுகிற பொருள். சில சமயம் அதில் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய சில்லுகள் சிக்கியிருக்கும். ஆமை வளரும்போது ஓட்டின் மேல்தகடுகள் உரிந்து விழுவது அது. நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

ஃபில்டர் அளவைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியின் மேல் இத்தனை லிட்டர் தொட்டிக்கு என்று எழுதியிருப்பது மீனுக்கு. ஆமை போடும் கழிவுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். என் தொட்டியில் இப்போது சுமார் 300 லிட்டர் தண்ணீர், வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் 750 லிட்டருக்கு என்று போட்டிருக்கிறது. தொட்டியும் அப்படித்தான். ஓடு 2.5 செ.மீ. வளர்ந்தால் 40 லிட்டர் கூட்டு என்று ஒரு கணக்கு ஆமை வளர்ப்பவர்களிடம் உண்டு. குட்டியாக இருக்கிறதே என்று கிண்ணத்தில் வளர்த்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுவதும் ஒரு வாளியில் விழுவதும் ஒன்றா?

மின்சாரம் போய் ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் ஒன்று கவனியுங்கள். அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் அது செத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் கெட்டுவிடும். மறுபடி ஓடவிடும் முன்னால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இனி தீனி. பாதிக் கலங்கல் அங்கேதான் பிறக்கிறது. மெஷினில் உட்கார்ந்தபடியே நான் எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். நீர் ஆமைக்குத் தண்ணீருக்கு வெளியே விழுங்க வராது. மேடையில் வைத்தாலும் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். குங்குமம் ஒரு துண்டை வாயில் பிடித்து, முன்னங்கால் இரண்டையும் மாறி மாறிக் கன்னத்துப் பக்கம் இழுத்து, நகத்தால் கிழிக்கும். கிழிபடும் ஒவ்வொரு முறையும் ஒரு தூள் மேகம் கிளம்பும். அப்புறம் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். உள்ளே போன தண்ணீரைத் திரும்ப வெளியே தள்ளும்போது இன்னொரு மேகம். பத்து உருண்டை போட்டால் ஏழுதான் வயிற்றுக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றும்.

அதனால் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் அதே சூட்டில் தண்ணீர் நிரப்பி, ஆமையைத் தூக்கி அதில் விட்டு, அங்கேதான் தீனி. இருபது நிமிடம் தின்னும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் கழிவையும் அங்கேயே போட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வேலை முடிந்தது. தூக்கித் தூக்கி வைத்தால் சில ஆமைகள் மிரளும், சாப்பிட மறுக்கும் என்பதும் உண்மை. அப்படிப்பட்டதை வதைக்க வேண்டாம், பெரிய தொட்டியிலேயே போட்டுவிட்டு மிச்சத்தை உடனே வலையால் அள்ளிவிடலாம். அளவும் முக்கியம். ஆமையின் தலை எவ்வளவோ அவ்வளவு உருண்டை போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, நடுவில் இலை தழை. நம்மைப் பார்த்ததும் கண்ணாடியைப் பிறாண்டுகிறதே என்று இரக்கப்பட்டுப் போட்டுக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். அது பசியில்லை, ஆள் வந்தால் தீனி வரும் என்று தெரிந்துகொண்ட பழக்கம்.

கூழாங்கல்லை நான் எடுத்தே விட்டேன். சின்னக் கல்லை ஆமை விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும். விழுங்காவிட்டாலும் கல்லிடுக்கில் கழிவு போய் உட்கார்ந்து அழுகும். இப்போது வெறும் கண்ணாடி அடி, ஆமைத் தலையைவிடப் பெரிய நாலு ஆற்றுக்கல். அழுக்கு எங்கே கிடக்கிறது என்று தெரிகிறது, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க முடிகிறது.

அந்தக் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். கை கூப்பிக் கேட்கிறேன். ஆமையின் குடலில் சால்மொனெல்லா கிருமி எந்த நோய்க்குறியும் இல்லாமல் இருக்கும், கழிவோடு தண்ணீருக்கு வரும். சின்னக் குழந்தைகள் குட்டி ஆமையைக் கையில் வைத்து விளையாடி, வாயில் வைத்து, நோயில் விழுந்ததால்தான் அமெரிக்காவில் 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள். குழாய் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, காற்று போனதும் ஒரு முனையை விரலால் அடைத்து வாளிக்குள் இறக்கினால் தானாக ஓடும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஆமைச் சாமான் எதையும் அலசாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சோப்பு அங்கேதான் வேண்டும். எடுத்த தண்ணீரில் நைட்ரேட் இருப்பதால் பூச்செடிக்கு நல்ல உரம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.

வாரம் ஒருமுறை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுகிறேன். புதுத் தண்ணீர் குளோரின் போன தண்ணீராக இருக்க வேண்டும். வெறும் குளோரின் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தாலே போய்விடும். சில குடிநீர் அமைப்புகளில் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது, அதற்கென்று விற்கும் சொட்டு மருந்துதான் வழி.

பச்சைத் தண்ணீர் வேறு கதை. நோய் தீர்ந்த பிறகு ஆமைக்கு வெயில் வேண்டுமே என்று தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினேன். பத்தே நாளில் தண்ணீர் அரைத்த இலை மாதிரி ஆகிவிட்டது. பாசிக்கு வெளிச்சமும் நைட்ரேட்டும் சேர்ந்து கிடைத்தால் வேறென்ன வேண்டும். பிறகுதான் தெரிந்தது, ஆமையின் ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான புற ஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். அந்த வெயிலால் பாசிக்குத்தான் லாபம், ஆமைக்கு ஒன்றுமில்லை. தொட்டியைத் திரும்ப மெஷின் பக்கம் கொண்டுவந்து, மேடைக்கு மேல் அதற்கான விளக்கை மாட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடுவதில்லை. தொட்டிக்கு மேலே, ஆமைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மணி பிளான்ட் கொடியை வைத்து, ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் அதன் வேரைக் கடந்து விழுகிற மாதிரி செய்தேன். வேர் நைட்ரேட்டைக் குடிக்கிறது. செடியை ஆமை தின்றால் வாய் எரியும் என்பதால்தான் உயரத்தில் வைத்தேன். கல்லில் கொஞ்சம் பாசி படர்ந்திருக்கிறது, அதை நான் தேய்ப்பதில்லை.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஆமை வாங்கியவர்கள் அதைக் கைவிடுவதற்குப் பெரிய காரணம் நாற்றமும் கலங்கலும்தான். வாரம் இரண்டு முறை தொட்டியைத் தூக்கிக் கொட்டிக் கை ஓய்ந்துபோன ஒருவர், ஒரு நாள் அதைப் பக்கத்தில் இருக்கிற குளத்தில் விட்டுவிடலாம், சுதந்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பார். எனக்கும் அந்த நினைப்பு ஒரு ராத்திரி வந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்த இந்த ஆமை, இப்படி விடப்பட்டு விடப்பட்டே உலகம் முழுக்கக் குளங்களில் பெருகி, அங்கங்கே இருக்கும் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. ஒரு ஸ்பாஞ்சைக் கழுவாமல் விட்டிருந்தால் வீட்டிலேயே நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய எத்தனையோ ஆமைகள் இப்படிக் குளத்துக்குப் போயிருக்கும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்தப் பதிலுக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி பிராணிகள் பற்றி வரும் கேள்விகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பதில் போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேள்வி கேட்ட அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி அந்த ஸ்பாஞ்சை எடுப்பதற்குள், முடிந்தால் சனிக்கிழமைக்குள், அவருக்கு மட்டுமாவது சொல்லிவிடுங்கள்: கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றட்டும், தீனியைப் பாதியாகக் குறைக்கட்டும், ஸ்பாஞ்சை அப்படியே விடட்டும். தண்ணீர் இன்னும் சில வாரம் மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி ஒருவர்